மூச்சு வாங்கிய இடம்

முஹர்ரக் கடைத்தெருவில்
விமானம் எங்கள் கூரையை உரசுவது போல்தான் இறங்கும்.
கண்ணாடி அலமாரி அதிரும், பொத்தான் டப்பா அதிரும்,
ஷம்சுதீன் மாஸ்டர் கத்தரிக்கோலைப் பாதியில் நிறுத்தி
அது போகட்டும் என்று நிற்பார்.
அந்த இரைச்சலுக்குள்தான் நான் வாய்விட்டுப் பாடுவது.
பதினோரு வருஷமாக யாருக்கும் கேட்டதில்லை.

மற்ற நேரம் உதட்டுக்குள்.
கறுப்புத் துணி, கறுப்பு நூல்,
கறுப்பிலே கறுப்பைத் தேடித் தேடி
உப்பள வெயிலில் நின்றது போல் கண் கூசும்.

பாட்டு பெரிதாக ஒன்றுமில்லை.

    கால்முள்ள எடுத்துவிட்டுக்
    கைவிட்டுப் போறவளே,
    முள்ளு இருந்திருந்தா
    முழுநாளும் நின்னிருப்பே.

ஆறுமுகநேரி அளத்தில் மூட்டை ஏற்றியவன் பாடியது.
பேர் தெரியும், சொல்லமாட்டேன்.
முகம் கேட்டால்தான் சொல்லத் தெரியாது.
தலைச்சுமையோடு பலகை ஏறுகையில்
'முழு' என்பதோடு அவனுக்கு மூச்சு முட்டும்.
லாரித் தட்டில் மூட்டை விழுந்த பிறகே
'நாளும்' வரும்.
நடுவில் உள்ள அந்த இடைவெளியில்
பாத்திக்குள் நாங்கள் ஏழு பெண்களும்
வாருபலகையைப் பிடித்தபடி நின்றிருப்போம்.
எனக்காகத்தான் நிறுத்தினான் என்று
ஏழு பேருமே நினைத்திருக்கலாம்.

போன மாதம் உம்மு ஜாசிம் வந்தாள்.
அபாயாவை மேசையில் உதறி
கீழ்மடிப்பை உள்புறமாகத் திருப்பி
நகத்தால் தொட்டுக் காட்டினாள்.
ஒரு தையல் தவறியிருந்தது.
முழம் தள்ளி இன்னொன்று.
இன்னும் ஒரு முழம், இன்னொன்று.
ஷூ ஹாதா, என்றாள். இதென்ன?

மாஸ்டர் மெஷினைக் குற்றம் சொன்னார்,
எண்ணெய் போதாது என்றார்.
நான் ஏனோ உண்மையைச் சொன்னேன்.

கடைத்தெரு அரபியில் ஒரு பாட்டுக்கு என்ன கிடைக்கும்?
ரிஜில், என்று காலைக் காட்டினேன்.
ஷௌக், முள்.
பிந்த் எடுத்தாள். கலாஸ். போனாள்.
ஷௌக் இருந்தால், பிந்த் மாஃபி ரோஹ்.
டாக்சிக்காரனும் ஹபீபி, தக்காளிக்காரனும் ஹபீபி
என்கிற ஊரில்
அந்தப் 'போறவளே'க்கு எந்தச் சொல்லைக் கடன் கேட்பேன்?
ஒரு காலும் ஒரு முள்ளும்
மேசைமேல் கிடந்தன, அவ்வளவுதான்.

அவள் சிரிக்கவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
பாடு, என்று கையால் சொன்னாள்.

விமானம் எதுவும் வரவில்லை.
நாற்பத்தெட்டு வயதில்,
மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க,
பாடினேன்.
'முழு' வந்தது.
நிற்க வேண்டும் என்று நிற்கவில்லை,
நெஞ்சு தானாக நின்றது.
மூட்டை இன்னும் விழவில்லை.
உம்மு ஜாசிமின் மோதிரவிரல்
மேசையை ஒரு தரம் தட்டியது.
'நாளும்' என்றேன்.

மாலேஷ், இருக்கட்டும், என்று
பிரிக்கச் சொல்லாமலே மடித்து வைத்துக்கொண்டாள்.
அவளுக்கு யார் முள் என்று நான் கேட்கவில்லை.
கேட்கும் அளவுக்கு அரபியும் இல்லை என்னிடம்.

வாசல்வரை போனவள் திரும்பினாள்.
மகளுக்கு ஒன்று வேண்டும், கல்யாணத்துக்கு முன்னால்.
இதே துணி, தோளில் அரை அங்குலம் கூட.
பிறகு விரலை உயர்த்தி:
அதில் பாட்டு மாஃபி.

நேற்று முடித்தேன்,
பல்லிடுக்கில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு.
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
ஒரு தையலும் தவறவில்லை.
மாஸ்டர்கூட மெச்சினார்.
ஊசிகளை எடுத்து டப்பாவில் போடும்போது
கீழுதட்டில் ஒரு பொட்டு ரத்தம்.
நக்கிப் பார்த்தேன்.
உப்பு.